சூடானதும் முரண்டு பிடிக்கும் கார்: ஈசியூவை மாற்றுமுன் இரண்டு வயரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2007 மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. நான்கு சிலிண்டர், எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சும் வகை). கும்பகோணத்திலிருந்து ஆடுதுறைப் பக்கம் உள்ள பள்ளிக்குத் தினமும் நானே ஓட்டிச் செல்கிறேன். காலையில் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகிறது. திருவிடைமருதூர் வரை எந்தக் குறையும் இல்லை. அதன்பிறகு வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் குலுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திணறிவிட்டுத்தான் இழுக்கிறது. பெட்ரோல் வாடை அடிக்கிறது. வழியில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. மாலையில் பள்ளி விட்டு எடுக்கும்போது பழையபடி ஒழுங்காக இருக்கிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 10-ஐத் தாண்டுவதில்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லை. பிளக், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது, இன்ஜெக்டரும் சுத்தம் செய்தாகிவிட்டது. கழற்றிய பிளக்குகள் கரி பிடித்துக் கறுத்திருந்தன. இப்போது ஒருவர் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) போய்விட்டது, 20,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலின் வேலை என்கிறார். கோடையில் சில முறை எஞ்சின் சூடேறியது. ஏசி போட்டால் ஏறவில்லை, போடாவிட்டால்தான் ஏறியது. அப்போது ரேடியேட்டர் ஃபேனை நேரடியாக இணைத்துக் கொடுத்தார்கள். சாவியைத் திருப்பியதும் ஓடுகிறது, அதன்பின் சூடேறவில்லை. இதையும் சொல்லிவைக்கிறேன். நான் என்ன செய்வது?
(ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

முதலில், ஈசியூவுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். உங்கள் கடிதத்தில் நோய்க்கான தடயங்கள் எல்லாமே இருக்கின்றன. "இதையும் சொல்லிவைக்கிறேன்" என்று கடைசியில் எழுதினீர்களே, அந்த ஃபேன் விஷயம்தான் அவற்றில் முக்கியமானது. கோடையில் எஞ்சின் சூடேறியதும், இப்போது சூடான பிறகு திணறுவதும், மைலேஜ் விழுந்ததும் ஒரே கோளாறின் மூன்று முகங்கள் என்று நினைக்கிறேன். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தை அளந்து ஈசியூவுக்குச் சொல்லும் கூலன்ட் சென்சாரோ அதன் கனெக்டரோ பொய் சொல்கிறது.

குளிர்ந்த எஞ்சினுக்கும் சூடான எஞ்சினுக்கும் பெட்ரோல் தேவை ஒன்றல்ல. நன்றாகச் சூடான எஞ்சினில் ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். குளிர்ந்திருக்கும்போது இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல், காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரிலும் வால்வின் முதுகிலும் ஒட்டிக்கொள்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் விடும். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் சோக் இழுத்தோமே, அதே வேலைதான். சோக்கை எப்போது உள்ளே தள்ளுவது என்று அன்று ஓட்டுநர் முடிவு செய்தார். இன்று அந்த முடிவை எடுக்கும் ஈசியூ நம்பியிருப்பது கூலன்ட் சென்சார் சொல்லும் ஒரே ஒரு தகவலை.

அந்தச் சென்சார் மிக எளிமையான பொருள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பெரும்பாலான கார்களில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். 40 டிகிரியில் 1,200 வாக்கில் வரும். 80 டிகிரியில் 300-ஐ ஒட்டி இறங்கிவிடும். இப்போது அந்தக் கனெக்டரின் பித்தளைக் காலில் களிம்பு ஏறி, 1,000 ஓம் அளவுக்குக் கூடுதல் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் 30 டிகிரியில் சென்சாரின் தடை 1,700 என்றால் ஈசியூவுக்குப் போய்ச் சேருவது 2,700. "இன்று 20 டிகிரிக் குளிர்" என்று அது நினைத்துக்கொண்டு சற்றே அதிகமாகப் பெட்ரோல் விடும். குளிர்ந்த எஞ்சினுக்கு அது கெடுதலே இல்லை, ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் எஞ்சின் 90 டிகிரிக்கு வந்து சென்சாரின் தடை 250 ஆன பிறகும் ஈசியூவுக்குத் தெரிவது 1,250. அதன் கணக்கில் எஞ்சின் இன்னும் 40 டிகிரியில்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் ஒருவருக்குக் கம்பளி போர்த்திவிட்டதைப்போல, தேவையே இல்லாத பெட்ரோலை அது ஊற்றிக்கொண்டே இருக்கிறது. குலுக்கல், திணறல், பெட்ரோல் வாடை, கறுத்த பிளக், 10 கிலோமீட்டர் மைலேஜ் எல்லாம் இதிலிருந்து வருகின்றன.

இனி ஃபேனுக்கு வருவோம். உங்களுடையதைப் போன்ற எம்பிஎஃப்ஐ கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேனுக்கென்று வெப்பம் பார்த்து இயங்கும் தனி ஸ்விட்ச் கிடையாது. அதே கூலன்ட் சென்சாரைப் பார்த்து, 95 டிகிரியை நெருங்கும்போது ஈசியூதான் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) மூலம் ஃபேனை ஓடவிடும். 40 டிகிரி என்று நம்பிக்கொண்டிருக்கும் ஈசியூ ஃபேனைப் போடுமா? போடாது. அதனால்தான் கோடையில் சூடேறியது. ஏசி போட்டால் மட்டும் ஏன் ஏறவில்லை? ஏசி கம்ப்ரசர் ஓடும்போது வெப்பம் எவ்வளவு என்று பாராமல் ஃபேனும் ஓடும். ஆகவே ஃபேன் மோட்டாரில் குறையில்லை, ரிலேயில் குறையில்லை, ரேடியேட்டர் அடைப்பும் இல்லை. இந்த ஒரு குறிப்பைக் கேட்டிருந்தாலே போதும், அன்றைக்கே சென்சாரைப் பிடித்திருக்கலாம்.

ஃபேனை டைரக்ட் செய்துவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் சர்வசாதாரணமாக நடக்கிறது. நடுச்சாலையில் கொதிக்கும் வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க அது நல்ல வழிதான், அந்த மெக்கானிக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஃபேன் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு யாரும் பதில் தேடவில்லை. சூடேறுவது நின்றது, கோளாறு நிற்கவில்லை. மழைக்காலம் வந்து களிம்பு இன்னும் வளர, அது மைலேஜிலும் குலுக்கலிலும் வெளிவந்திருக்கிறது.

டாஷ்போர்டில் உள்ள வெப்ப முள் சரியாகத்தானே காட்டுகிறது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் காரின் காலத்து வண்டிகள் பலவற்றில் முள்ளுக்கு ஒரு சென்சார், ஈசியூவுக்கு ஒரு சென்சார் என இரண்டு தனித்தனியாக இருக்கும். முள்ளுக்கானதில் பெரும்பாலும் ஒற்றை வயர், ஈசியூவுக்கானதில் இரட்டை வயர். முள்ளை நம்பி ஈசியூவின் கணக்கும் சரி என்று எண்ணிவிடக்கூடாது. எஞ்சின் விளக்கு எரியாததற்கும் காரணம் உண்டு. வயர் அறுந்து தடை எல்லையற்றதாகிவிட்டாலோ, ஷார்ட் ஆகி பூஜ்யமானாலோதான் உங்கள் காரின் ஈசியூ பழுது என்று அறிவிக்கும். 40 டிகிரி என்பது நடக்கக்கூடிய வெப்பநிலைதானே, அது சந்தேகப்படாது. இந்தியாவில் கார்கள் தம் கோளாறுகளைத் தாமே கண்காணிக்க வேண்டும் என்ற விதி 2010-இல் பிஎஸ் 4 மாசு விதிகளோடுதான் கட்டாயமாகத் தொடங்கியது. உங்கள் வண்டி அதற்கு மூன்றாண்டு மூத்தது. அதில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எல்லாம் நலம் என்று முடிவு கட்ட முடியாது.

எத்தனால் பற்றி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் கூடுதல் ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் அந்தக் காலத்துக் கார்களில் கலவை மெலிவுப் பக்கம்தான், அதாவது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த பக்கம்தான் சாயும். உங்கள் பிளக்குகளோ கரி பூத்திருக்கின்றன, அதாவது பெட்ரோல் மிகுதி. மெலிந்த கலவையில் ஓடும் எஞ்சினின் பிளக் வெளிறிப்போயிருக்கும். மைலேஜிலும் எத்தனால் சில சதவீதம்தான் குறைக்கும், மூன்றில் ஒரு பங்கை விழுங்காது. ஆகவே இந்தப் பழியை எத்தனால் மேல் போட வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் அக்கறை வேண்டும். 2007-இல் செய்த ரப்பர் குழாய்கள் இவ்வளவு எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல. வாடை அடிக்கிறது என்கிறீர்கள். பட்டறைக்குப் போகும் அன்று டேங்க்கிலிருந்து இன்ஜெக்டர் வரை உள்ள பெட்ரோல் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமோ வெடிப்போ இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்ற வேண்டும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும்.

சோதனை எப்படிச் செய்வது? செலவில்லாத ஒன்றை நீங்களே செய்யலாம். பள்ளி போகும் வழியில் சூடான எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாகத் தரையோடு மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான எம்பிஎஃப்ஐ கார்களில் அப்படி மிதித்தால் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் ஈசியூ இன்ஜெக்டரை நிறுத்திவிடும், காற்று மட்டும் உள்ளே போகும். தேங்கிய பெட்ரோல் வெளியேறி எஞ்சின் பிடித்துக்கொண்டால், சைலன்சரில் கறுப்புப் புகை ஒருமுறை வந்தால், பெட்ரோல் மிகுதிதான் என்பது உறுதி. பிடித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள். அப்படிச் செய்தும் பிடிக்கவில்லை என்றால் எனக்கு வேறு சந்தேகம் வரும். சூடானதும் செயலிழந்து ஆறியதும் உயிர்பெறும் கிராங்க் சென்சாரும் (எஞ்சினின் சுழற்சியை அளப்பது) இக்னிஷன் காயிலும் (பிளக்குக்குப் பொறி கொடுப்பது) உண்டு. ஆனால் அவை ஓடும்போதே எஞ்சினைப் பட்டென்று அணைத்துவிடும், அல்லது கலவையில் குறையில்லாமல் மிஸ்ஸிங் தரும். உங்கள் கடிதத்தில் அந்த அடையாளங்கள் இல்லை.

அடுத்தது ஸ்கேனர், ஈசியூவில் உள்ள தகவலைப் படித்துக் காட்டும் கருவி. இப்போது பல பட்டறைகளில் இருக்கிறது. "எரர் இல்லை" என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். அதற்கு இடம்கொடாதீர்கள். லைவ் டேட்டாவை, அதாவது அந்த நேரத்து அளவுகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்து கூலன்ட் வெப்பநிலை எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். வண்டியை முதல் நாள் இரவே பட்டறையில் விட்டுவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்ப்பது மிக நல்லது. இரவெல்லாம் நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 28, கூலன்ட் 17 என்று காட்டினால் அங்கேயே வழக்கு முடிந்தது. பிறகு எஞ்சினைச் சூடாக்குங்கள். மேல் ரேடியேட்டர் ஹோஸ் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும்போதும் திரையில் 45, 50 என்று நின்றால் வேறு சான்று வேண்டாம். அந்த நேரத்தில் கனெக்டரை மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் தாவினால் குறை கனெக்டரில்.

சென்சாரா, வயரா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 270 ஓம் ரெசிஸ்டர் ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும். சூடான எஞ்சினை அணைத்து, இரட்டை வயர் கனெக்டரைக் கழற்றி, வயர்ப் பக்கக் கனெக்டரின் இரு துளைகளிலும் ரெசிஸ்டரின் கால்களைச் செருகி, சாவியைத் திருப்பி ஸ்கேனரைப் பார்க்கச் சொல்லுங்கள். 80-ஐ ஒட்டிக் காட்டினால் வயரிங் நலம், குறை சென்சாரிலோ அதன் காலில் ஏறிய களிம்பிலோ இருக்கிறது. 40, 50 என்றே காட்டினால் சென்சார் மேல் தவறில்லை, வயரில்தான் தடை. அப்படியே எஞ்சினை ஓட்டினால், ஈசியூவுக்கு 80 எனத் தெரிந்த சில நிமிடங்களில் குலுக்கல் அடங்குவதை நீங்களே உணர்வீர்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் ரெசிஸ்டரை எடுத்துவிட வேண்டும். அதை வைத்துக்கொண்டு குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய முடியாமல் திண்டாடுவீர்கள், ஃபேனும் ஈசியூவின் பொறுப்புக்குத் திரும்பிய பிறகு அது ஆபத்தும் கூட.

ஸ்கேனர் இல்லாத இடத்தில் மல்டிமீட்டர் போதும். சென்சாரின் இரு கால்களுக்கு இடையே குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் நன்றாகச் சூடான பின் ஒருமுறையும் அளந்தால், நான் மேலே எழுதிய எண்களோடு ஒப்பிடலாம். உங்கள் மாடலுக்கான துல்லியமான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். சூடான எஞ்சினில் சென்சாரைக் கழற்றவோ ரேடியேட்டர் மூடியைத் திறக்கவோ யாரையும் விடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும்.

சென்சாரைக் கழற்றினால் அதன் முனையைப் பாருங்கள். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். படிவு சூட்டைத் தடுப்பதால் சென்சார் தாமதமாகவும் குறைவாகவும் காட்டும். உங்களுடையது அப்படியிருந்தால் புதுச் சென்சார் போடுவதோடு, ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். கூலன்ட் குறைந்து சென்சார் முனை காற்றில் நின்றாலும் இதே பொய்யைச் சொல்லும், ஆகவே அளவையும் பாருங்கள்.

கூடவே ஒரு கேள்வி: சூடேறியபோது தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றி எறிந்துவிட்டார்களா? "நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு" என்று சொல்லிக் கழற்றும் வழக்கம் கார்பரேட்டர் காலத்திலிருந்து தொடர்கிறது. எம்பிஎஃப்ஐ காரில் அது பெரிய கெடுதல். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கும்படி செய்யப்பட்டது. அது இல்லாமல், ஃபேனும் எந்நேரமும் சுழன்றால், நெடுஞ்சாலையில் ஓடும் எஞ்சின் உண்மையிலேயே 60, 65 டிகிரியில் நின்றுவிடும். அப்போது சென்சார் உண்மை சொன்னாலும் ஈசியூ கூடுதல் பெட்ரோல் விடும். முள் முன்பு நின்ற இடத்தைவிட இப்போது கீழே நிற்கிறதென்றால் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வால்வு சில நூறு ரூபாய்தான், கட்டாயம் திரும்பப் போடுங்கள்.

சைலன்சர் பக்கம் இருந்து புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை ஈசியூவுக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் இந்த மிகுதியைத் திருத்தாதா என்று உங்கள் மெக்கானிக் கேட்கக்கூடும். சரியான கேள்விதான். எஞ்சின் போதிய சூட்டை எட்டிவிட்டது என்று ஈசியூ நம்பினால்தான் ஆக்ஸிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்கத் தொடங்கும். எட்டவில்லை என்று நினைக்கும்வரை அதைப் பொருட்படுத்தாது. கேட்டாலும் திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. இப்போது அதுவும் கரி பிடித்திருக்கலாம். கூலன்ட் சென்சார் பக்கம் சரியான பிறகு ஸ்கேனரில் அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறி இறங்கினால் மாற்ற வேண்டியதில்லை.

கூலன்ட் வெப்பநிலை எல்லா நேரமும் சரியாகவே காட்டுகிறது என்றால் என் கணிப்பு தவறு. பெட்ரோல் மிகுதிக்கு வேறு இடங்களைத் தேட வேண்டும். பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்தால் அதன் வாக்குவம் குழாயில் பெட்ரோல் ஈரம் தெரியும். எஞ்சினை அணைத்த பிறகும் ஒழுகும் இன்ஜெக்டர், சூடான ஸ்டார்ட்டிங்கை மட்டும் கெடுக்கும். மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குப் போகும் சிறு ரப்பர் குழாய் வெடித்தால் ஈசியூ எஞ்சின் மிகுந்த பாரத்தில் இருப்பதாக எண்ணிப் பெட்ரோலை அள்ளி விடும். டேங்க்கின் பெட்ரோல் ஆவியைச் சேர்த்துவைக்கும் கேனிஸ்டரிலிருந்து அந்த ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தே நின்றாலும் இப்படி ஆகலாம், டேங்க் நிரப்பிய உடன் தொல்லை கூடினால் அதைச் சந்தேகியுங்கள். ஆனால் இவை எதுவும் உங்கள் ஃபேன் ஏன் வரவில்லை என்பதை விளக்காது. அதனால்தான் இவற்றைப் பின்னால் வைக்கிறேன்.

கோளாறு சரியானதும் எஞ்சின் ஆயிலை மாற்றிவிடுங்கள். இத்தனை மாதம் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கியிருக்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் வாடை தெரியும். அந்த நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்கும் ரிங்கும் தேயும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இதில் பாதிக்கப்படும். அங்கே போய் எரியும் பெட்ரோல் அதன் உள்ளிருக்கும் பீங்கானை உருக்கி அடைத்துவிடக்கூடும். மற்றதெல்லாம் சரியான பிறகும் மேட்டில் இழுவை குறைவாக இருந்தால் அதைச் சோதிக்க வேண்டும். கன்வெர்ட்டரின் விலையை நினைத்துத்தான் தாமதிக்க வேண்டாம் என்கிறேன். பிளக்குகள் புதியவை என்பதால் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். பேட்டரி இணைப்பைப் பதினைந்து நிமிடம் எடுத்துவிட்டு மாட்டினால் ஈசியூ பழைய திருத்தங்களை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும். முதல் ஓரிரு நாள் ஐடிலிங் சற்று ஏறி இறங்கினால் பதறாதீர்கள்.

கடைசி வேலை, ஃபேன் வயரை அது முதலில் இருந்தபடி ரிலேவுக்கே திருப்புவது. பட்டறையை விட்டுக் கிளம்புமுன் ஏசியை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, முள்ளைப் பார்த்தபடி காத்திருங்கள். நடுக்கோட்டைச் சற்றுத் தாண்டும் நேரத்தில் ஃபேன் தானாக ஓடத் தொடங்க வேண்டும், சிறிது நேரத்தில் தானாக நிற்கவும் வேண்டும். கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், எஞ்சின் அணைந்திருக்கும்போதுகூடச் சில வண்டிகளில் அது சுழலும். முள் முக்கால் பங்கைத் தாண்டியும் ஃபேன் வரவில்லை என்றால் உடனே எஞ்சினை அணையுங்கள். டைரக்ட் வயரைத் தற்காலிகமாக மறுபடி கொடுக்கச் சொல்லிவிட்டு, குளிர்ந்தபோதும் சூடானபோதும் ஸ்கேனர் காட்டிய கூலன்ட் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை, ஆக்ஸிஜன் சென்சார் வோல்டேஜ் ஆகியவற்றைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.